வேலை இல்லாத நாளில் போடும் மாத்திரை

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். பெயரைச் சொல்லவில்லை, இதில் வருகிறவர்கள் இன்றும் அங்கேதான் நடமாடுகிறார்கள்.

மாசி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்குப் பிரேமினி தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் படிகளில் ஏறி வந்தபோது வாசல்களில் ஆள் நிறைந்திருந்தது. அந்த நேரத்தில் பெண்கள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். இவர்களோ கம்பளியை வெயிலில் போட்டுத் தட்டிக்கொண்டும், பிள்ளைகளுக்குப் பேன் பார்த்துக்கொண்டும் இருந்தார்கள்.

"என்னக்கா, இன்னைக்கு வேலை இல்லையா?" என்று பவுலினிடம் கேட்டாள். பவுலின் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், அதாவது தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகும் இடத்தில், பிள்ளை பார்க்கிறவள். வாய் ஓயாது.

"எந்த ஊர்ல மிஸ் இருக்கீங்க? பனி அடிச்சு மலையெல்லாம் கருகிப் போச்சு. இந்த மாசம் கெழமைக்கு மூணு நாள்தான் வேலைக்குப் பேர் போடுறாங்க. மிச்ச நாலு நாளும் நாங்க தொரைசாணிமாருங்க. பாருங்க, இவ கால் மேல கால் போட்டு ஒக்காந்திருக்கிறத!"

எல்லோரும் சிரித்தார்கள். பிரேமினியும் சிரித்தாள். சிரித்த முகத்தோடுதான் பவுலின் வீட்டை அடுத்த மீனம்மாவின் வீட்டுக்குள் போனாள்.

பிரேமினி யார் என்று சொல்லிவிடுகிறேன். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவளின் மகள். இருபத்தேழு வயது. டொக்டர்மார் நடத்தும் ஓர் ஆராய்ச்சியில் வேலை. மாதம் ஒரு முறை நோயாளிகளின் வீட்டுக்குப் போய், உடம்பு எப்படி என்று கேட்டு எழுதி, மாத்திரைப் போத்தலை வாங்கி எண்ணிப் பார்க்க வேண்டும்.

என்ன ஆராய்ச்சி? மார்பகப் புற்றுநோய் வந்து குணமான பெண்களில் சிலருக்குப் பிறகு முடக்குவாதம் வருகிறது. விரல் மூட்டெல்லாம் வீங்கி, காலையில் கையை மூடவே முடியாது. அதற்குப் புதுப்புது ஊசிகள் வந்திருக்கின்றன. ஆனால் ஒரு தடவை புற்றுநோய் வந்த உடம்புக்கு அவற்றைப் போடலாமா என்று டொக்டர்மாருக்குத் தயக்கம். பழைய மஞ்சள் மாத்திரை ஒன்று இருக்கிறது, மெத்தோட்ரெக்ஸேட் என்று பெயர். அதிகமாகக் கொடுத்தால் புற்றுநோயை அடிக்கும் மருந்து அது. கொஞ்சமாக, வாரத்துக்கு ஒரே ஒரு தடவை கொடுத்தால் முடக்குவாதத்தை அடக்கும். இந்தப் பெண்களுக்கு அதுவே போதுமா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. மலைநாட்டில் பன்னிரண்டு பேரைச் சேர்த்திருந்தார்கள். அதில் ஒருத்தி மீனம்மா.

மீனம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயது. நாலு வருடத்துக்கு முன் இடது மார்பை எடுத்தார்கள். பிழைத்து வந்து மறுபடியும் மலைக்குப் போனவள். போன வருடம் விரல்கள் மடங்காமல் போயின. கொழுந்து எடுக்கிறவளுக்கு விரல் மடங்காவிட்டால் என்ன மிச்சம், நீங்களே சொல்லுங்கள். கணவர் சின்னராசா நானுஓயாப் பக்கம் மரக்கறித் தோட்டத்தில் வேலை; பதினைந்து நாளைக்கு ஒரு முறைதான் வருவார். வீட்டில் அவள் மட்டும்தான்.

அவள் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். பிரேமினியைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து, கையை நீட்டி, விரல்களை மூடித் திறந்து காட்டினாள்.

"பாருங்க மிஸ். பூட்டு தொறந்த மாதிரி இருக்கு. நேத்துக் குடத்தக் கூடத் தூக்குனேன்."

பேச்சு குழறியது. உதட்டோரம் வெள்ளையாக இருந்தது.

"வாயில என்னக்கா?"

"அது ஒண்ணுமில்ல. புண்ணு. மருந்து வேலை செய்யுதுல்ல, அதான்."

"எங்க, போத்தலக் குடுங்க."

மீனம்மா தலையணைக்கடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பிரேமினி குலுக்கினாள். சத்தம் வரவில்லை. திறந்து கையில் கவிழ்த்தாள். பஞ்சு மட்டும் விழுந்தது.

"முடிஞ்சுதான் மிஸ் ரெண்டு நாளாச்சு. நீங்க கொண்டாருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருக்கேன்."

வருடம் பிறந்து முதல் ஞாயிறிலிருந்து, வாரம் ஒரு தடவை, தடவைக்கு ஆறு. மூன்று மாதத்துக்கு எழுபத்தெட்டு மாத்திரை கொடுத்திருந்தார்கள். அன்று போத்தலில் முப்பத்தாறு இருக்க வேண்டும்.

"அக்கா, இத எப்பெப்பப் போட்டீங்க?"

"நீங்க சொன்ன மாதிரிதான். வேலை இல்லாத நாள்ல."

வெளியே பவுலின் யாரையோ கேலி பண்ணுவதும் மற்றவர்கள் சிரிப்பதும் கேட்டது. மிச்ச நாலு நாளும் நாங்கள் துரைசாணிமார்.

என்ன நடந்தது தெரியுமா? கிளினிக்கில் பெரிய டொக்டர் சிங்களத்தில் சொன்னது இது: ஞாயிற்றுக்கிழமை போடட்டும், அன்றைக்கு வேலை இல்லை, தலை சுற்றினாலும் படுத்துக்கொள்ளலாம். பிரேமினி அதைத் தமிழில் சொல்லும்போது, நம் பெண்கள்மேல் இருந்த கரிசனத்தில், "வேலை இல்லாத நாள் பாத்துப் போடுங்கக்கா, நல்லாப் படுத்துக்கலாம்" என்றாள். ஞாயிறு என்ற சொல்லை விட்டுவிட்டாள். ஜனவரி முழுக்க ஞாயிறு மட்டும்தான் வேலை இல்லை. எல்லாம் சரியாக நடந்தது. போன மாதம் வந்து எண்ணியபோதும் கணக்குச் சரி. பிறகு பனி கொட்டியது. தோட்டத்தில் வேலையைக் குறைத்தார்கள். வேலை இல்லாத நாள் வாரத்தில் நாலு ஆனது. சொன்ன சொல் தவறாமல் மீனம்மா நாலு நாளும் போட்டாள். இரண்டு வாரம். எட்டுத் தடவை.

பிரேமினி அவள் நெற்றியில் கைவைத்தாள். கொதித்தது. சேலையைக் கொஞ்சம் உயர்த்தச் சொல்லிக் காலைப் பார்த்தாள். கணுக்காலுக்கு மேலே ஊசி குத்தியதுபோல் சிவப்புப் புள்ளிகள்.

"காய்ச்சல் எப்ப இருந்துக்கா?"

"முந்தாநாத்து. பனிக்காலம்தானே."

"வாய்ப்புண்ணு வந்தா ஒடனே போன் பண்ணச் சொன்னேனே!"

"கேன்சர் மருந்து ஏத்துனப்பவும் வாய் இப்படித்தான் வெந்துச்சு மிஸ். நர்ஸம்மா சொன்னாங்க, மருந்து புடிச்சுக்கிட்டா அப்படித்தான்னு. வெந்துதான் நல்லாச்சு. இதுக்கு எதுக்கு ஒங்களத் தொந்தரவு பண்ணுறதுன்னு..."

பிரேமினி வெளியே ஓடினாள். கோயில் மேட்டில்தான் போனில் சிக்னல் கிடைக்கும். பெரிய டொக்டர் இரண்டாவது அழைப்பில் எடுத்தார். விவரம் கேட்டதும் வேகமாகச் சொன்னார்: இரத்தத்தில் நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் விழுந்திருக்கும். காய்ச்சல் வேறு இருக்கிறது. தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டி நேரத்தை வீணாக்காதே. ஆம்புலன்ஸ் மேலே ஏறி வருவதற்குள் நீ பாதி வழி இறங்கிவிடலாம், கிடைத்த வண்டியில் ஏற்று. மருந்தை முறிக்கும் ஊசியை ஆயத்தமாக வைக்கச் சொல்கிறேன். இன்றே போட்டாக வேண்டும், நாளைக்கு என்றால் நான் எதுவும் சொல்ல முடியாது. கடைசியாக, குரலைத் தணித்து: யார் தவறு என்ற பேச்சை அங்கே எடுக்காதே. பிறகு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

கூடவே மேட்டுக்கு ஓடி வந்த பவுலின், கடைத்தெருவில் ஆட்டோ ஓட்டும் திலக்ஷனுக்கு அழைப்புக் கொடுத்தாள். அவன் லயத்துக்குக் கீழே வந்து ஹோர்ன் அடித்தான். ஆனால் மீனம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வரல."

"அக்கா, மருந்து கூடிப் போச்சு. ஊசி போட்டா சரியாயிரும். ஏறுங்க."

"பொய் சொல்லாதீங்க மிஸ். திரும்ப வந்துருச்சு. அதானே?"

"இல்லக்கா!"

"அன்னைக்கும் இப்படித்தான். சின்னக் கட்டி, சும்மா ஒரு டெஸ்ட்டுன்னு சொல்லித்தான் வேன்ல ஏத்துனாங்க. ஆறு மாசம் கழிச்சு ஒரு பக்கம் இல்லாம வந்தேன். மயிரு இல்ல, நகம் இல்ல. இன்னொரு தடவ என்னால ஏலாது. சாகுறதுன்னா இந்த வீட்டுலயே சாகுறேன். விடுங்க."

வாசலில் கூட்டம் கூடிவிட்டது. "அடியே, எந்திரிடி! ஆட்டோ நிக்குது, திலக்ஷன் தம்பி சும்மாவே எரிஞ்சு விழுவான்" என்று பவுலின் கையைப் பிடித்து இழுத்தாள். மீனம்மா அசையவில்லை. கூடுதலாக இழுத்ததில் தோல் நீலமாகக் கன்றியது. பவுலின் பயந்து விட்டுவிட்டாள்.

பிரேமினி நின்றுகொண்டிருந்தாள். டொக்டர் சொல்லாதே என்றது காதில் இருந்தது. இப்போது சொன்னால் இத்தனை பேர் சாட்சி. வேலை போகலாம், வழக்கும் வரலாம். ஹட்டனில் அவள் சம்பளத்தை நம்பி அம்மாவும் தங்கையும். சொல்லாவிட்டால் மீனம்மா ஏறமாட்டாள். கீழே ஹோர்ன் இரண்டாவது தடவை அடித்தது.

பிரேமினி தரையில் உட்கார்ந்து மீனம்மாவின் முகத்துக்கு நேராக முகத்தை வைத்தாள்.

"மீனம்மாக்கா, கேன்சர் வரல. இது என் தப்பு."

"என்ன?"

"டொக்டர் ஞாயித்துக்கெழமைன்னு சொன்னாரு. ஞாயித்துக்கெழம மட்டும். நான்தான் ஒங்ககிட்ட வேலை இல்லாத நாள்னு சொன்னேன். நீங்க சொன்னபடி போட்டீங்க. ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல. கெழமைக்கு ஒரு நாள் போட வேண்டியத நாலு நாள் போட வச்சது நான். அது இப்ப ஒங்க ரெத்தத்தக் கெடுத்துக்கிட்டு இருக்கு. இன்னைக்கு ஊசி போடலன்னா... போடலன்னா நீங்க இருக்க மாட்டீங்கக்கா."

வாசலில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

மீனம்மா அவளை உற்றுப் பார்த்தாள். நாற்பத்தெட்டு வருடத்தில் துரை, கணக்குப்பிள்ளை, கந்தோர் என்கிற ஆபீஸ், ஆஸ்பத்திரி என்று எத்தனையோ பேர் அவளுக்கு எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். பைல் வைத்திருக்கிற ஒருவர் தன் தப்பு என்று சொல்லி அவள் கேட்டதில்லை.

"யாராச்சும் இப்படிப் பொய் சொல்லுவாங்களா..." என்று தனக்குத்தானே முனகினாள். பிறகு கட்டில் காலை விட்டாள். "செருப்ப எடு புள்ள."

ஆட்டோவில் நடுவில் மீனம்மா, இரண்டு பக்கமும் பவுலினும் பிரேமினியும். திலக்ஷன் ஒவ்வொரு வளைவிலும் ஹோர்னை அழுத்திக்கொண்டே இறங்கினான். இரண்டாவது வளைவு தாண்டியபோதுதான் பிரேமினிக்கு அது உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன மிஸ்?" என்றாள் பவுலின்.

"பன்னெண்டு பேருக்கும் நான் அதையேதான் சொன்னேன்."

போனை எடுத்தாள். சிக்னல் ஒரு வளைவில் வரும், அடுத்த வளைவில் போகும். வரும்போதெல்லாம் அழைத்தாள். "அக்கா, பிரேமினி பேசுறேன், மஞ்ச மாத்திரைய எப்பப் போடுறீங்க? எப்பப் போடுறீங்கன்னு நீங்களே சொல்லுங்க." ஒருத்தி ஞாயிறு என்றாள். ஒருத்தியின் தோட்டத்தில் இன்னும் வாரத்துக்கு ஆறு நாள் வேலை, தப்பினாள். இருவர் ஒரு தடவை அதிகமாகப் போட்டிருந்தார்கள். உடனே இரத்தம் சோதிக்கப் போகச் சொன்னாள். பத்துப் பேர் கிடைத்துவிட்டார்கள். பதினோராவது ஆள் கந்தப்பளைப் பக்கத்து ராக்காயி. மகனோடு இருப்பவள். போன் அணைந்து கிடந்தது. திரும்பத் திரும்ப அழைத்தாள். அதே பதில்.

மீனம்மா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். உதட்டிலிருந்து கொஞ்சம் இரத்தம் வடிந்தது. பிரேமினி ஒரு கையால் அதைத் துடைத்தபடி மறு கையால் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"எந்தத் தோட்டம், எந்த டிவிசன்?" என்று பவுலின் கேட்டாள்.

பிரேமினி சொன்னாள்.

"அங்க பிள்ளைக்காம்பராவுல நாகலெட்சுமி இருக்கா. என்கூடப் பயிற்சிக்கு வந்தவ. கொறட்ட விட்டே எங்க எல்லாரையும் கொன்னவ." பவுலின் தன் போனை எடுத்தாள். "ஏய், நாகு! பேச்ச நிப்பாட்டிட்டு நான் சொல்றதக் கேளு. ஒங்க லயத்துல ராக்காயின்னு... ஆமா, கை வீங்குன ராக்காயி. புள்ளைகள ஆயாகிட்ட விட்டுட்டு ஓடு. மஞ்ச மாத்திரையத் தொடாதன்னு சொல்லு. ஓடுடி, நடக்காத!"

ஆட்டோ காசல்ரீ நீர்த்தேக்கத்தை ஒட்டிப் போனபோது நாகலெட்சுமி திரும்ப அழைத்தாள். மூச்சு வாங்கியது. ராக்காயிக்குப் போன வாரத்திலிருந்துதான் வேலை குறைந்ததாம். மூன்று தடவை அதிகமாகப் போட்டிருக்கிறாள். அன்று காலையும் போட்டுவிட்டாள். ஒரு மணி நேரம் முந்தியிருந்தால் அதைத் தடுத்திருக்கலாம். வாயில் இன்னும் புண் இல்லை. "ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னு சத்தம் போடுதுடி, மாட்டுக்குப் புல்லு அறுக்கணுமாம்" என்றாள். பிரேமினி போனை வாங்கி, ராக்காயியிடமும் அதையே சொன்னாள். என் தப்பு. இரண்டாவது தடவை சொல்வது முதல் தடவையைவிட இலேசாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். அப்படி இல்லை.

ஆஸ்பத்திரியில் வாசலிலேயே படுக்கையோடு காத்திருந்தார்கள். மீனம்மாவின் வெள்ளை அணுக்கள் எழுநூறு. குறைந்தது நாலாயிரம் இருக்க வேண்டுமாம். முதல் ஊசி பகல் பன்னிரண்டரைக்கு ஏறியது. பிறகு ஆறு மணிக்கொரு தடவை. கண்ணாடிக் கதவு போட்ட தனி அறை. முகக்கவசம் இல்லாமல் யாரும் நுழையக் கூடாது. மாலையில் ராக்காயியும் வந்து சேர்ந்தாள், தன் காலாலேயே நடந்து, ஆட்டோக்காரனைத் திட்டிக்கொண்டே. அவளுக்கு எண்ணிக்கை அவ்வளவாக விழவில்லை. நாலு நாளில் அனுப்பிவிட்டார்கள்.

மீனம்மாவுக்கு அப்படி இல்லை. மூன்றாம் நாள் நானூறு. அன்று டொக்டர்மார் அறைக்கு வெளியே நின்று தணிந்த குரலில் பேசினார்கள். சின்னராசா நானுஓயாவிலிருந்து வந்து, கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி நின்றார். பிரேமினி அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. ஐந்தாம் நாளும் நானூறு. ஏழாம் நாள் தொள்ளாயிரம். ஒன்பதாம் நாள் இரண்டாயிரத்து எண்ணூறு. பெருமூச்சு விடுங்கள். நானும் அங்கேதான் விட்டேன்.

பதினோராம் நாள் பெரிய டொக்டர் ஒரு தாளோடு கட்டிலருகே வந்தார். அறுபதை எட்டிய மனிதர், சிங்களவர். இதற்குள் பிரேமினியை இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்திருந்தார்கள். ஏன் ஊரார் முன்னால் சொன்னாய் என்று கேட்டார்கள். சொல்லாவிட்டால் மீனம்மா ஆட்டோவில் ஏறியிருக்க மாட்டார் என்று மட்டும் அவள் பதில் சொன்னாள். அவளை வேலையில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவாகவில்லை.

மீனம்மாவிடம் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளை டொக்டர் அங்கேயே நின்று சிங்களத்தில் சொன்னார். தமிழ் தெரிந்தவர் அந்த நேரத்தில் வேறு யாரும் இல்லை.

"சேர், இத நான் கேக்கக் கூடாது" என்று பிரேமினி சிங்களத்தில் சொன்னாள். டொக்டர் யோசித்தார். பிறகு, நீயே கேள், என்றார்.

பிரேமினி முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டாள்.

"அக்கா, டொக்டர் கேக்குறாரு. நடந்ததுக்கு, மாத்திச் சொன்ன ஆள் மேல, அதாவது என் மேல, எழுத்துல புகார் குடுக்குறீங்களான்னு. குடுக்க ஒங்களுக்கு உரிமை இருக்குன்னு சொல்றாரு. ரெண்டாவது, ஆராய்ச்சியில இருந்து பேர எடுத்துறவான்னு. எடுத்தாலும் வைத்தியம் நிக்காதாம்."

மீனம்மா தலையணையில் சாய்ந்தபடி அவளைப் பார்த்தாள்.

"சரியாத்தான் சொல்றியா?"

"ஒரு சொல்லும் விடலக்கா."

"விடல. கடைத்தெருச் சிங்களம் எனக்கும் கொஞ்சம் புரியும். விடுறியான்னுதான் பாத்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எழுதச் சொல்லு. புகார் குடுக்கணும்."

பிரேமினியின் கண் நிறைந்தது. ஆனாலும் தலையாட்டினாள்.

"அழாத. முழுசாக் கேளு. எழுதி வச்சாத்தான் இன்னொருத்திக்கு இது நடக்காது. வாயால சொன்னது ஆஸ்பத்திரிக் கதவோட போயிரும். மாத்திரை குடுக்குற எல்லா எடத்துலயும் கெழமை பேரச் சொல்லணும்னு எழுதணும். கொழுந்து எடுக்குறவளுக்கு வேலை இல்லாத நாளு எதுன்னு தொரைக்கே தெரியாதுன்னு எழுதணும். அப்புறம், என் பேர எடுக்க வேணாம். அந்த மாத்திரை எனக்கு இனி ஆகாதாம், நர்ஸம்மா சொன்னாங்க. சரி, வேற எது ஆகும்னு பாக்கட்டும். பாத்து எழுதட்டும். ஆனா வீட்டுக்கு வந்து கேக்குறது இந்தப் புள்ளதான் வரணும். தப்பு பண்ணா ஒத்துக்குற ஆளு எனக்கு வேணும். வேற ஆள அனுப்புனா நான் வாயே தொறக்க மாட்டேன். எல்லாத்தையும் சொல்லு, ஒண்ணும் விடாம."

டொக்டர் பேனாவைத் திறந்து காத்திருந்தார். பிரேமினி கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் வாக்கியத்திலிருந்தே, புகார் என்ற சொல்லிலிருந்தே, சிங்களத்தில் சொல்ல ஆரம்பித்தாள்.